படத்தில் இல்லாத பாடம்

உணருறையைக் கைகளில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால் போதும். மற்றதைப் பூவராகனின் விரல்கள் பார்த்துக்கொள்ளும். திரையில் அவர் ஒரு சாண் நீளத் தண்டவாளத்தைக் குறடால் பிடித்து வளைப்பார். அதே நொடியில் எங்கோ ஓர் ஊரில் ஓய்வுபெற்ற துணை ஆட்சியர் ஒருவரின் விரல்களும் வளைக்கும். உறைக்குள் ஓடிய மெல்லிய இழைகள் தசைகளைச் சுண்டிச் சுண்டி, பூவராகனின் கை எந்த அழுத்தத்தில், எந்தக் கோணத்தில் போனதோ அப்படியே அவருடைய கையையும் நடத்திச் சென்றன. திரும்பத் திரும்பச் சில வாரம் இப்படி நடந்துவிட்டால் உறையைக் கழற்றி எறிந்துவிடலாம். கை தானாகச் செய்யும். இதற்குக் கைக்காணொளி என்று பெயர். ‘மூளை மறக்கும், கை மறக்காது’ என்பது நிறுவனத்தின் விளம்பர வாசகம். பிற்பாடு அதே வாசகத்தைப் பலர் வேறு குரலில் சொல்ல வேண்டி வந்தது.

சமையல், தையல், மிருதங்கம் என்று எல்லாவற்றுக்கும் கைக்காணொளி வந்தது. ஆனால் அதை மதமாகவே தழுவிக்கொண்டவர்கள் சிறுதொடரிக்காரர்கள். மேசைமேல் ஓடும் பொம்மை ரயிலைப் ‘பொம்மை’ என்று யாராவது சொன்னால் மூன்று நாள் பேசாமல் இருக்கும் கூட்டம் அது. சிறுதொடரி என்றுதான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு விதமாகக் கோணல் பாதை இருந்தது. கைக்காணொளி வந்த பிறகு எல்லோர் வீட்டிலும் ஒரே பாதை, ஒரே சுரங்கம், ஒரே பஞ்சு மலை, மலையடியில் ஒரே மூன்று பசுமாடுகள். பூவராகனின் கைக்கு அந்த ஒரு மலைதான் செய்ய வரும்.

பூவராகனுக்குச் ‘சிறுதொடரிச் செம்மல்’ என்று பட்டம். பட்டத்தை வழங்கிய பேரவையின் நிறுவனரும் தலைவரும் அவரே என்பதால் தேர்வில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஒவ்வொரு கைக்காணொளியின் தொடக்கத்திலும் அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: “என் பாதையில் வண்டி தடம் புரண்டதே இல்லை.”

புரளும். தினமும் புரளும். மேசையின் சன்னல் பக்கத்து வளைவை அவர் மிகக் குறுகலாகப் போட்டிருந்தார். இன்னும் அகலமாகப் போட இரும்பு பீரோவை நகர்த்த வேண்டும், பீரோ அவர் மனைவி சுலோச்சனாவுடையது. அவள் நகர்த்த விடவில்லை. அந்த வளைவில் வண்டி நுழைந்ததும் சக்கரம் கிறீச்சிடும், மூன்றாவது பெட்டி ஒருக்களிக்கும். உடனே பூவராகனின் இடக்கை பல்லி நாக்குப் போலப் பாய்ந்து பெட்டியைப் பிடித்து, லேசாக வலப்புறம் சாய்த்து, தடத்தில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பும். கண்ணிமைக்கும் நேரம்தான். படத்தில் அந்த இடத்தை வெட்டிவிடுவார்கள். செம்மலின் வண்டி ஆடாமல் அசையாமல் வளைவைக் கடக்கும்.

நிறுவனத்தின் பதிவுப் பொறியாளர் தாரிணி ஒருமுறை கேட்டாள், “உறைப் பதிவையும் வெட்டணும் சார். ஆனா வெட்டினா தசை இழுத்துக்கும். வளைவைக் கொஞ்சம் சரிபண்ணிட்டு மறுபடி எடுத்துடலாமா?”

“படத்துல தெரியாட்டி போதும்மா,” என்றார் செம்மல். “கைக்கு என்ன தெரியப் போகுது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுலோச்சனா இட்லிப் பானையை இடுக்கியால் பிடித்து இழுத்தாள். பானையின் அடி அடுப்புக் கம்பியில் உரசிக் கிறீச்சென்றது. சும்மா இருந்த அவளுடைய இடக்கை பாய்ந்துபோய்க் கொதிக்கும் பானையின் விளிம்பைப் பிடித்து, லேசாக வலப்புறம் சாய்த்து, நேராக உட்காரவைத்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சுட்டது.

“வெறுங்கையால போய்ப் பிடிக்கிறியே, என்ன ஆச்சு உனக்கு?” என்று குழாயைத் திறந்துவிட்டபடி கேட்டார் பூவராகன்.

“நான் எங்கங்க பிடிச்சேன்? அதுவா போச்சு. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி கை போயிடுச்சு.”

கட்டைவிரல் மேலே, இரண்டு விரல் கீழே, வலப்புறம் அந்தச் சாய்வு. தன் கையெழுத்தைப் பிறர் காகிதத்தில் கண்டவர் போல அவர் நின்றார். அவர் வெளியிட்ட ஒவ்வொரு பாடத்தையும் முதலில் போட்டுப் பார்த்தது சுலோச்சனாவின் கையில்தான். சிறுதொடரியில் அவளுக்கு எள்ளளவும் ஆர்வம் கிடையாது. ‘உறை சரியா இழுக்குதான்னு பார்த்துச் சொல்லு’ என்று இவர் கெஞ்ச, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கையை நீட்டுவாள். ஆறு வருஷமாக.

“தூக்கக் கலக்கம்,” என்றார். சொல்லிவிட்டுக் குழாயை மூடினார்.

அன்று மாலைச் செய்தியில் கருணாகரன் வந்தார். பேரவையின் பொருளாளர். நடைமேடையில் நின்றிருந்தபோது சரக்கு வண்டி ஒன்று வளைந்து உள்ளே நுழைந்ததாம். இவர் கையை நீட்டி அதைப் பிடிக்கப் போனாராம். மணிக்கட்டு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, “விழுந்துடும்னு தோணிச்சு,” என்றார் கட்டோடு. அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் பலர். ஒருவர் ஓடும் வண்டியின் சன்னல் கம்பியைப் பிடித்தவர் விடவே இல்லை. நடைமேடை முடியும்வரை கூடவே ஓடினார். நடைமேடை முடிந்த பிறகு ஓட இடமில்லை.

தொலைக்காட்சிகளில் அறிஞர்கள் அமர்ந்தார்கள். குழந்தைப் பருவத்தில் ரயில் பொம்மை வாங்கித் தரப்படாத ஏக்கம் என்றார் உளவியலாளர். இரும்பின் காந்தப் புலம் என்றார் இன்னொருவர். ஆவணி மாதத்துக் கிரக நிலையும் விவாதிக்கப்பட்டது. உண்மை தெரிந்த ஒரே மனிதர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மனைவியின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தினமும் புறநகர் ரயிலில் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போகிறவள்.

“நாளையிலேருந்து ஆட்டோவுல போயேன் சுலோ.”

“எதுக்கு?”

“வெயிலா இருக்கு.”

“ஆட்டோவுக்கு மட்டும் வேற சூரியனா?”

அவளைத் தடுக்க முடியாததால் மறுநாள் கூடவே போனார். நடைமேடையில் சுவரோரமாக அவளை நிறுத்தி, அவளுடைய இடக்கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பொது இடத்தில் அப்படி அவர் பிடித்ததில்லை. அவள் கூச்சத்தோடு சுற்றும் முற்றும் பார்த்தாள். வண்டி தூரத்தில் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் அது ஒரு சாண்தான் இருந்தது. மேசைமேல் ஓடும் வண்டி போலவே. வளைவில் சக்கரங்கள் கிறீச்சிட்டன.

பொத்திய கைக்குள் அவள் கை துள்ளியது. அவர் அதை இறுக்கினார். அப்போதுதான் தன்னுடைய இடக்கையும் அவளுடையதோடு சேர்ந்து முன்னால் போய்க்கொண்டிருப்பதைக் கண்டார். இருவரும் ஓர் அடி எடுத்துவைத்தார்கள். இன்னோர் அடி. பக்கத்துத் தூணின் ஆணியில் தன் சட்டை மாட்டிக் கிழிந்ததால் அவர் நின்றார். அவர் நின்றதால் அவளும் நின்றாள். காற்று முகத்தில் அறைய வண்டி கடந்துபோனது.

சுலோச்சனாவுக்கு உதடு வெளுத்திருந்தது. “உங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“என்னமோ தெரியும். இல்லாட்டி நீங்க என் கையைப் பிடிக்கற ஆளா?”

அவர் வீட்டுக்கு வந்து தாரிணியை அழைத்தார். அவள் ஏற்கெனவே பழைய பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

“வளைவுப் பாடம் சார். படத்துல உங்க இடக்கை இல்ல. உறையில இருக்கு. பார்த்த அத்தனை பேர் கையும் பிடிக்கக் கத்துக்கிட்டிருக்கு, பார்க்காமலேயே.”

“அது பொம்மைக்கு... அது சிறுதொடரிக்குத்தானே? நிஜ வண்டி எவ்வளவு பெரிசு! அது கைக்குத் தெரியாதா?”

“பெரிசு சின்னது எல்லாம் கண்ணுக்குத்தான் சார். கைக்குத் தெரிஞ்சது ஓசை மட்டும்தான்.”

“எத்தனை பேர்?”

“வேண்டாம் சார். கள்ளப் பிரதி வேற இருக்கு. அதைக் கணக்கெடுக்கவே முடியாது.”

அவர் தாழ்ந்த குரலில், “வெளியில சொல்லப் போறியாம்மா?” என்றார்.

“சொன்னா என் வேலை போகும். சொல்லாட்டி யாரோ ஒருத்தர் கை போகும்,” என்றாள் தாரிணி. “மாத்துப் பாடம் எடுக்கலாம் சார். கிறீச்சுன்னு கேட்டா கை பின்னால வரணும். அதையும் உங்க கைதான் எடுக்கணும். பழைய பழக்கத்தை அழிக்க அதே கை வேணும்.”

“எடுத்துடலாம்,” என்றார் பூவராகன். பிறகு, பழக்கம் விடாமல், “தீர்வு கண்டவர் செம்மல்னு தலைப்புல போட்டுடு,” என்றார்.

அன்றே பதிவு தொடங்கியது. வெறுமனே கையை இழுத்துக்கொள்வது போதாது என்றாள் தாரிணி. வண்டியைப் பிடித்துவிட்டு விடாமல் ஓடியவரின் கதி அவளுக்கு மறக்கவில்லை. பிடித்த பிடியையும் விட வேண்டும். எனவே பாடம் இப்படி அமைந்தது: சிறுதொடரியை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருக்க வேண்டும், சக்கரம் கிறீச்சிட்டதும் விரல்கள் விரிய வேண்டும், இரு கைகளும் நெஞ்சுக்குத் திரும்பி, ஓசை அடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இது மூளையைக் கேட்டு நடக்கக் கூடாது. பூவராகன் விரல் வீங்கும்வரை எடுத்தார். பயம் ஒரு மனிதரை எவ்வளவு நேர்மையான தொழிலாளி ஆக்கும் என்பதற்கு அந்தப் பதிவு சான்று. அவர் வாழ்க்கையிலேயே வெட்டு இல்லாத ஒரே காணொளி அதுதான்.

முதலில் சுலோச்சனாவுக்குப் போட்டார்கள். சில வாரங்களில், பீரோக் கதவைக் கிறீச்சென்று திறந்தாலே அவளுடைய இரண்டு கைகளும் ஆடிய வளையலோடு நெஞ்சில் வந்து ஒட்டின. அவர் கதவைத் திறந்து திறந்து மூடினார். ஒவ்வொரு முறையும் ஒட்டின. அன்றுதான் அவர் வெகுநாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வளைவுப் பாடத்தின் கள்ளப் பிரதியில் கோளாறு என்று நிறுவனம் அறிவித்ததும், தொடரிப் பயணிகள் நல்வாழ்வு வாரியம் என்றொரு புதிய அமைப்பு உதயமானது. யார் வளைவுப் பாடம் பார்த்தவர், யார் பார்க்காதவர் என்று பிரித்தறிய முடியாததால், எல்லோரும் மாற்றுப் பாடம் பயில வேண்டும் என்று வாரியம் ஆணையிட்டது. நிலைய வாசல்களில் உணருறைகள் தொங்கின. கையை நுழைத்துப் பயின்றால்தான் உள்ளே விடுவார்கள். பூக்காரியும் வக்கீலும் கல்லூரிப் பெண்ணும் வரிசையில் நின்று செம்மலின் கைகளை வாங்கிக்கொண்டார்கள். தேர்ச்சி முழுமையாகும்வரை வளைவுகளில் சக்கரம் கிறீச்சிடாதபடி வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. யாரும் எந்த வண்டியையும் பிடிக்கப் போகவில்லை. வாரியத்தின் தலைவர் அதைத் தன் ஆட்சித்திறமைக்குச் சான்றாகக் குறிப்பிட்டார்.

கடைசியில் அந்த நாள் வந்தது. முழுத் தேர்ச்சி எய்தியாகிவிட்டது என்று வாரியம் அறிவித்தது. வளைவுகளில் வேகக் கட்டுப்பாடு நீக்கம். முழு வேகத்தில் முதல் வண்டி. அதில் செம்மல் சாதாரணப் பயணியாகப் பயணம் செய்து விழா மேடைக்கு வருவார். ‘கரம் காத்த பெருந்தகை’ என்று புதுப் பட்டம் காத்திருந்தது. சுலோச்சனாவுக்குப் பட்டுப்புடவை.

வண்டியில் நிற்க இடமில்லை. தானாக மூடும் கதவுகள் சில வருஷத்துக்கு முன் பெரிய விழா எடுத்துப் பொருத்தப்பட்டவை. கூட்டம் நெருக்கியதில் அவை மூடாமல் போக, இப்போது கயிறு போட்டுத் திறந்தபடி கட்டியிருந்தார்கள். வாசல்தோறும் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். பூவராகனுக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். சுலோச்சனா, “எனக்குப் புழுக்கம் தாங்கலைங்க, காத்தாட நிக்கறேன்,” என்று வாசலுக்குப் போய்விட்டாள்.

பக்கத்திலிருந்த வங்கி ஊழியர் ஒருவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார், “பாலத்தைத் தாண்டினா பெரிய வளைவு வரும் சார். முன்னாடியெல்லாம் அங்க வந்தாலே என் கை தானா நீளும். உங்க புண்ணியத்துல இப்ப கை சும்மா கெடக்கு.”

செம்மல் அடக்கத்தோடு தலையசைத்தார். வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பிப் பக்கத்துத் தடத்துக்கு மாறியது. சக்கரம் ஒரு கணம், மிக மெல்லிசாக, கிறீச்சிட்டது.

பெட்டி முழுவதும் கைகள் நெஞ்சுக்குப் போயின. செய்தித்தாள்கள் மடியில் விழுந்தன. ஒருவர் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டி உருண்டோடியது. மேல் கம்பியைப் பிடித்திருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, சிரித்து, மறுபடி கம்பியைப் பிடித்தார்கள். “பாஸாயிட்டோம்டா,” என்று யாரோ கத்த, கைதட்டல்.

பூவராகன் வாசலைப் பார்த்தார். சுலோச்சனா தடுமாறி, கம்பியை மறுபடி பிடித்து, புடவையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். அவளுக்கு வெளிப்புறத்தில் தொங்கியவர்களும் ஒரு கணம் விட்டுப் பிடித்திருந்தார்கள். அது மிகச் சின்ன ஓசை. ஒரு கணத்துக்கான ஓசை.

பெரிய வளைவு ஒரு கணத்தில் முடியாது.

பூவராகன் எழுந்தார். “வழி விடுங்க, வழி விடுங்க,” என்று நெருக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவரோடு படமெடுத்துக்கொள்ள முகங்கள் குறுக்கே வந்தன. தலைக்குமேல் அபாயச் சங்கிலி தொங்கியது. அதை நோக்கிக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். சங்கிலியை இழுத்தால் பிரேக் பிடிக்கும். பிரேக் பிடித்தால் சக்கரம் கிறீச்சிடும். கையை இறக்கிக்கொண்டார்.

பாலத்தின் இரும்புச் சட்டங்கள் தடதடவென்று கடந்தன.

“உள்ள வா சுலோ. கம்பியை விட்டுட்டு உள்ள வா.”

“விட்டா விழமாட்டேனா? என்ன பேசறீங்க?”

“எல்லாரும் உள்ள வாங்க. கையை நம்பாதீங்க. உங்க கை விட்டுடும்.”

படியில் தொங்கிய ஓர் இளைஞன் சிரித்தான். “நீங்க சொல்லிக்கொடுத்த கை சார். எங்களுக்கு என்ன பயம்?”

“நான்தான்யா தப்பா...” என்று தொடங்கினார். பாலத்தின் இரைச்சல் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டது. திரும்பச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. அவர் கண் மனைவியின் விரல்கள்மேல் இருந்தது.

அவளைக் கையால் பிடித்துப் பயனில்லை. எல்லார் கைக்கும் முந்தி அவர் கைதான் பிடியை விடும். வலது முழங்கையை வாசலோரக் கம்பத்தைச் சுற்றி மடக்கினார். இடது முழங்கையை அவள் இடுப்பைச் சுற்றி மடக்கி, தன் மார்போடு நெருக்கினார். முழங்கைக்கு அவர் எந்தப் பாடமும் எடுத்ததில்லை.

“ஏங்க, எல்லாரும் பார்க்கறாங்க,” என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

பாலம் முடிந்தது. வண்டி முழு வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தது. வாசலிலிருந்து வண்டியின் மொத்த நீளமும் தெரிந்தது. வெயிலில் மினுங்கும் பெரிய வில். ஒவ்வொரு வாசலிலும் கொத்துக்கொத்தாக ஆட்கள், வெள்ளைச் சட்டைகள், பறக்கும் துப்பட்டாக்கள். முன் பெட்டியில் சிலர் அவரை அடையாளம் கண்டு ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்கள்.

சக்கரங்கள் கிறீச்சிட்டன.

பூவராகனின் கைகள் நெஞ்சுக்கு ஓடின. அவை ஓட ஓட முழங்கைகள் இறுகி, மனைவியையும் கம்பத்தையும் நசுக்கிப் பிடித்தன. கண்ணை மூட முடியாமல் அவர் பார்த்தார். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை, எல்லா வாசல்களிலும், எல்லா விரல்களும் ஒரே சமயத்தில் விரிந்தன. எல்லாக் கைகளும் கம்பிகளை விட்டு, பதறாமல், மிக அழகாக நெஞ்சுக்குத் திரும்பின. ஒரு கைகூடத் தவறு செய்யவில்லை.